போராளிகளுக்கென்று ஒரு கட்சி: இரண்டாயிரம் வாக்குகள் சொல்வது என்ன?

2015 ஓகஸ்ட் 17ஆம் திகதி நடந்த பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் ஒரு சுயேச்சைக் குழு போட்டியிட்டது. 'ஜனநாயகப் போராளிகள் கட்சி' என்ற பெயரில் ஒன்றுசேர்ந்த முன்னாள் போராளிகளின் குழு அது. முடிவுகள் வந்தபோது அதற்குக் கிடைத்திருந்தவை ஏறத்தாழ 2,000 வாக்குகள். அதே மாவட்டத்தில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 207,577 வாக்குகளைப் பெற்று, ஏழு ஆசனங்களில் ஐந்தை வென்றது.

அந்த இரண்டாயிரம் என்ற எண்ணை அதன் பிறகு எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகப் பயன்படுத்தினார்கள். தமிழ் மக்கள் போராட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள் என்பதற்கு அதுவே சாட்சி என்று தெற்கில் சிலர் எழுதினார்கள். மக்கள் தங்களை மறந்துவிட்டார்கள் என்று முன்னாள் போராளிகள் சிலர் மனம் வெதும்பினார்கள். கட்சி அரசியலில் பழுத்தவர்கள், 'அனுபவம் இல்லாதவர்கள்' என்று சிரித்துவிட்டுப் போனார்கள். இந்த மூன்று விளக்கங்களையும் நான் ஏற்கவில்லை. வடக்கின் தேர்தல்களைத் தொடர்ந்து கவனித்து வருபவன் என்ற வகையில், அந்தக் கட்சி எப்படி வந்தது, ஏன் சிறியதாகவே இருந்தது, ஆயுதம் ஏந்தியவர்களின் கட்சிகள் வேறு இடங்களில் எப்படி ஆயின என்பதை ஒரே இடத்தில் எழுதி வைக்க விரும்புகிறேன்.

கட்சி உருவான பின்னணி

2009 மே மாதம் யுத்தம் முடிந்தபோது சரணடைந்தவர்களும் முகாம்களில் வைத்துப் பிரித்தெடுக்கப்பட்டவர்களுமாக ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு என்ற பெயரில் தடுத்து வைக்கப்பட்டார்கள். அவர்களில் 594 பேர் சிறுவர்கள் என்பது அரசாங்கமே சொன்ன கணக்கு. ஓராண்டு, ஈராண்டு, சிலர் அதற்கும் மேல் என்று உள்ளே இருந்துவிட்டுப் படிப்படியாக ஊர் திரும்பினார்கள். கையில் ஒரு சான்றிதழ் இருந்தது. காணி, வீடு, தொழில் எதுவும் இருக்கவில்லை. பலருக்குக் கை இல்லை, கால் இல்லை, கண் இல்லை. உடம்புக்குள் இன்னும் குண்டுச் சிதறல்களோடு இருப்பவர்கள் இன்றும் உண்டு.

ஊர் திரும்பிய பிறகும் அவர்கள் விடப்படவில்லை. வீட்டுக்கு வந்து விபரம் எடுப்பதும், முகாமுக்கு வந்து கையெழுத்து வைக்கச் சொல்வதும், வேறு ஊருக்குப் போனால் அறிவிக்கச் சொல்வதும் வழமையாக இருந்தன. 2014 இல் வடக்கில் நடந்த தேடுதல்களிலும் கைதுகளிலும் புனர்வாழ்வு பெற்றவர்கள் மீண்டும் பிடிபட்டார்கள். அப்படியான காலத்தில் 'முன்னாள் போராளிகள்' என்ற அடையாளத்தோடு ஓர் அமைப்பைத் தொடங்குவதை யாரும் நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது.

2015 ஜனவரி ஜனாதிபதித் தேர்தலில் ஏற்பட்ட ஆட்சி மாற்றம் ஒரு சிறிய இடைவெளியைத் திறந்தது. அந்த ஆண்டு ஜூலை தொடக்கத்தில் ஜனநாயகப் போராளிகள் கட்சி அறிவிக்கப்பட்டது. முன்னின்று பேசியவர் ந. வித்தியாதரன். 'உதயன்', 'சுடர் ஒளி' பத்திரிகைகளின் ஆசிரியராக இருந்தவர். 2009 பெப்ரவரியில் கொழும்பில் பிடித்துச் செல்லப்பட்டு, பின்னர் விடுவிக்கப்பட்டவர். அவர் போராளி அல்லர், ஊடகவியலாளர். போராளிகளின் கட்சிக்கு முகமாகப் போராளி அல்லாத ஒருவர் நிற்க வேண்டியிருந்தது என்பதே அன்றைய நிலைமையைச் சொல்லப் போதுமானது.

அவர்கள் முதலில் தனியாகப் போட்டியிட நினைக்கவில்லை. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் வேட்பாளர் பட்டியலில் முன்னாள் போராளிகளுக்கு இடம் கேட்டார்கள். கிடைக்கவில்லை. புதிய கட்சியைப் பதிவு செய்து சின்னம் பெறவும் நேரம் இருக்கவில்லை. எனவே யாழ்ப்பாணத்தில் சுயேச்சைக் குழுவாக வேட்புமனுத் தாக்கல் செய்தார்கள். தேர்தலுக்கு ஆறு வாரங்கள்கூட முழுதாக இருக்கவில்லை.

வேட்பாளராக நிற்பதென்றால் 1983 ஓகஸ்டில் வந்த ஆறாம் திருத்தத்தின்படி நாட்டைப் பிரிக்க ஆதரவளிப்பதில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். அந்தச் சத்தியத்தை ஏற்க மறுத்துத்தான் தமிழர் விடுதலைக் கூட்டணியினர் அன்று பாராளுமன்ற ஆசனங்களை இழந்தார்கள். 32 ஆண்டுகளுக்குப் பிறகு, ஆயுதம் ஏந்தியவர்களே அந்தச் சத்தியத்தின் கீழ் தேர்தலுக்கு வந்தார்கள். இதில் இருந்த மாற்றத்தின் கனதியை அன்று தெற்கும் சரியாகக் கவனிக்கவில்லை, நாமும் கவனிக்கவில்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

முதலில் எண்களைப் பார்ப்போம். எங்கள் தேர்தல் முறையில் ஒரு தேர்தல் மாவட்டத்தில் செல்லுபடியான வாக்குகளில் 5 வீதத்தைத் தாண்டாத கட்சியோ குழுவோ ஆசனப் பங்கீட்டில் சேர்க்கப்படாது. 2015 இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில், அதாவது யாழ்ப்பாணம், கிளிநொச்சி இரண்டும் சேர்ந்த பகுதியில், செல்லுபடியான வாக்குகள் ஏறத்தாழ மூன்று இலட்சம். அதில் 5 வீதம் என்பது 15,000.

புனர்வாழ்வு பெற்ற 12,000 பேரும் ஒரே மாவட்டத்தில் குடியிருந்து, ஒருவர் விடாமல் ஒரே குழுவுக்கு வாக்களித்திருந்தாலும் அந்த வரம்பை எட்ட முடியாது. உண்மையில் அவர்கள் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை என்று எட்டு மாவட்டங்களில் சிதறிக் கிடக்கிறார்கள். கணிசமானவர்கள் நாட்டைவிட்டே போய்விட்டார்கள். குடும்பத்தினரைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தாலும் எந்த ஒரு தேர்தல் மாவட்டத்திலும் அவர்களின் வாக்கு மட்டும் ஓர் ஆசனத்தைத் தராது.

இது எங்கள் முன்னாள் போராளிகளுக்கு மட்டும் உள்ள சிக்கல் அல்ல. யுத்தத்தில் ஈடுபட்டவர்களுக்கென்று தொடங்கப்படும் எந்தக் கட்சிக்கும் இதுதான் முதல் தடை. தொழிலாளருக்குத் தொழிற்சாலை உண்டு, விவசாயிக்கு ஊர் உண்டு, மலையகத்துக்குத் தோட்டம் உண்டு. யுத்தம் முடிந்த பின் போராளிக்கும் சிப்பாய்க்கும் அப்படி ஓர் இடம் கிடையாது. அவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள்; எந்த ஊரிலும் பெரும்பான்மையாக இருக்க மாட்டார்கள். ஆகவே அவர்களின் கட்சி வெல்ல வேண்டுமானால் போராளி அல்லாதவர்களின் வாக்கு வேண்டும். கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

மக்களுக்கு அனுதாபம் இல்லையா?

இருந்தது. அதற்குச் சான்று இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே கிடைத்திருந்தது. 2013 செப்ரெம்பர் 21 இல் நடந்த வடக்கு மாகாண சபைத் தேர்தலில் அனந்தி சசிதரன் 87,870 விருப்பு வாக்குகளைப் பெற்றார். முதலமைச்சரான சி.வி. விக்னேஸ்வரன் பெற்ற 132,255 வாக்குகளுக்கு அடுத்த இடம் அவருடையது. விடுதலைப் புலிகளின் திருகோணமலை மாவட்ட அரசியல்துறைப் பொறுப்பாளராக இருந்து, இறுதி யுத்தத்தில் சரணடைந்து காணாமல் ஆக்கப்பட்ட எழிலனின் மனைவி என்பதே அன்று அவரை மக்கள் அறிந்த விதம்.

87,870 எங்கே, 2,000 எங்கே? அதே மண், பெரும்பாலும் அதே வாக்காளர். வித்தியாசம் சின்னத்தில் இருந்தது. அனந்தி வீட்டுச் சின்னத்தில் நின்றார். மக்கள் தங்கள் வாக்கைச் சிதறவிடாமல் ஒரே பெட்டியில் போட வேண்டும் என்று நினைத்த காலம் அது. அந்தப் பெட்டிக்குள் நின்ற ஒரு போராளி குடும்பத்துப் பெண்ணுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். பெட்டிக்கு வெளியே நின்ற போராளிகளுக்குக் கொடுக்கவில்லை.

தெற்கைப் பார்த்தால் இதே பாடம் இன்னும் தெளிவாகத் தெரியும். யுத்தத்தை நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகா 2010 ஜனாதிபதித் தேர்தலில் எதிரணியின் பொது வேட்பாளராக 40 வீதம் வாக்குப் பெற்றார். பிறகு ஜனநாயகக் கட்சி என்று தனிக் கட்சி தொடங்கினார். 2015 ஓகஸ்ட் 17 இல், ஜனநாயகப் போராளிகள் தோற்ற அதே நாளில், அவருடைய கட்சியும் நாடு முழுவதிலும் ஓர் ஆசனம்கூடப் பெறவில்லை. அரை வீதத்தை அது எட்டவில்லை. அடுத்த ஆண்டு ஐக்கிய தேசியக் கட்சியின் தேசியப் பட்டியல் வழியாகத்தான் பாராளுமன்றத்துக்குள் போனார். 2024 ஜனாதிபதித் தேர்தலில் தனித்து நின்றபோது அவருக்குக் கிடைத்தவை சுமார் 22,000 வாக்குகள்.

ஆனால் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி சரத் வீரசேகர 2020 இல் பொதுஜன பெரமுனவின் மொட்டுச் சின்னத்தில் கொழும்பு மாவட்டத்தில் நின்று 328,092 விருப்பு வாக்குகளைப் பெற்றார். மாவட்டத்திலேயே அதிகம் அதுதான். தேசிய மக்கள் சக்தியும் ஓய்வுபெற்ற முப்படையினருக்கென்று தனிப் பிரிவொன்றை வைத்து ஆட்சிக்கு வந்தது. ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் ஒருவரே அதன் பிரதிப் பாதுகாப்பு அமைச்சர். யுத்த வெற்றியை இவ்வளவு கொண்டாடிய சமூகத்திலேயே, வெற்றித் தளபதியின் தனிக் கட்சிக்கு மக்கள் வாக்களிக்கவில்லை. பெரிய கட்சிக்குள் நின்ற படையினருக்கு வாக்களித்தார்கள்.

ஆகவே வென்றவரின் கட்சியும் தோற்றது, தோற்றவரின் கட்சியும் தோற்றது. ஒரே நாளில் கிடைத்த இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல், 'தமிழர் போராளிகளை நிராகரித்தார்கள்' என்று எழுதுவது நேர்மையான வாசிப்பு அல்ல.

முன்னைய இயக்கங்கள் எப்படிக் கட்சியாகின?

ஆயுத இயக்கம் கட்சியாவது எங்களுக்குப் புதிதல்ல. 1987 இலங்கை-இந்திய ஒப்பந்தத்துக்குப் பிறகு ஈ.பி.ஆர்.எல்.எவ், ரெலோ, புளொட் ஆகியவை கட்சிகளாகப் பதிவாகின. 1989 பொதுத்தேர்தலில் ஈரோஸ் சுயேச்சைக் குழுக்களாக நின்று 13 ஆசனங்களைப் பிடித்தது. விடுதலைப் புலிகளும் பிரேமதாச அரசுடன் பேசிக்கொண்டிருந்த 1989 இல் 'விடுதலைப் புலிகள் மக்கள் முன்னணி' என்ற கட்சியைத் தொடங்கினார்கள். மாத்தயா தலைவராகவும் யோகி செயலாளராகவும் இருந்தார்கள். அது எந்தத் தேர்தலையும் சந்திக்கவில்லை. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியது. கிழக்கில் கருணாவின் பிரிவுக்குப் பின் வந்த தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சி 2008 மே மாதம் மாகாண ஆட்சியைப் பிடித்தது. 2020 இல் பிள்ளையான் விளக்கமறியலில் இருந்தபடியே 54,198 விருப்பு வாக்குகளோடு பாராளுமன்றம் சென்றார்.

இவற்றுக்கும் 2015 இன் கட்சிக்கும் உள்ள வேறுபாடு பெரியது. மேலே சொன்ன ஒவ்வொன்றும் தேர்தலுக்கு வந்தபோது அவற்றின் அமைப்பு கலையாமல் இருந்தது. தலைமை இருந்தது, பணம் இருந்தது, ஊருக்கு ஊர் ஆள் இருந்தார்கள், பெரும்பாலானவற்றிடம் ஆயுதமும் இருந்தது. கொழும்போ டில்லியோ ஒரு பக்கம் துணை நின்றது. ஒரு சிலவற்றைப் பொறுத்தவரை மக்கள் வாக்களித்தது விருப்பத்தாலா பயத்தாலா என்ற கேள்வியும் இன்றுவரை இருக்கிறது. 2015 இல் வந்தவர்களிடம் இவற்றில் ஒன்றுகூட இல்லை. யாருடைய நிழலும் இல்லாமல், வெறுங்கையோடு வாக்குக் கேட்ட முதல் முன்னாள் போராளிகள் அவர்கள்தான். அவர்களுக்குக் கிடைத்த இரண்டாயிரமும் யாரையும் மிரட்டாமல் கிடைத்தவை என்பதையும் நான் கணக்கில் சேர்க்கிறேன்.

ஆச்சேயும் கொலம்பியாவும்

வேறு நாடுகளில் இரண்டு உதாரணங்களைப் பார்ப்பது பயன்தரும். இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் சுதந்திர ஆச்சே இயக்கமும் அரசும் 2005 ஓகஸ்ட் 15 இல் ஹெல்சிங்கியில் உடன்படிக்கை செய்தன. எங்களையும் அவர்களையும் ஒரே நாளில் தாக்கிய ஆழிப்பேரலைக்கு எட்டு மாதங்களின் பின் அது நடந்தது. நாடளாவிய கட்சிகளுக்கு மட்டுமே அனுமதி இருந்த இந்தோனேசியாவில், ஆச்சேக்கு மட்டும் மாகாணக் கட்சிகள் அனுமதிக்கப்படும் என்பது அந்த உடன்படிக்கையின் ஒரு பகுதி. அதன்படி முன்னாள் போராளிகள் 'ஆச்சே கட்சி'யைத் தொடங்கி, 2009 தேர்தலில் மாகாண சபையின் 69 ஆசனங்களில் 33 ஐப் பிடித்தார்கள். 2012 இல் ஆளுநர் பதவியும் அவர்களிடம் வந்தது. பின்வந்த தேர்தல்களில் அந்தச் செல்வாக்குக் குறைந்தது. பதவிக்கு வந்த தளபதிகள் வசதியானார்கள், சாதாரண போராளிகள் அப்படியே இருந்தார்கள் என்ற முறைப்பாடு அங்கே பரவலாக உண்டு.

கொலம்பியாவில் ஃபார்க் இயக்கம் 2016 இல் அரசுடன் இறுதி உடன்படிக்கை செய்து ஆயுதங்களைக் கையளித்து, 2017 இல் கட்சியானது. 2018 தேர்தலில் அதற்குக் கிடைத்த வாக்கு அரை வீதத்தைக்கூட எட்டவில்லை. ஆனாலும் பாராளுமன்றத்துக்குள் போனது. எவ்வளவு வாக்கு வந்தாலும் இரண்டு தவணைகளுக்குப் பத்து ஆசனங்கள் என்று உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டிருந்தது. 2021 இல் அந்தக் கட்சி தன் பெயரை 'கொமூனெஸ்' என்று மாற்றிக்கொண்டது. பழைய பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்த ஆட்கடத்தல்களின் நினைவு வாக்காளரை விரட்டியது என்பதை அவர்களே உணர்ந்திருந்தார்கள். ஆசனம் கிடைத்ததே தவிரப் பாதுகாப்புக் கிடைக்கவில்லை: உடன்படிக்கையின் பின் ஆயுதத்தைக் கீழே வைத்தவர்களில் 400க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டிருக்கிறார்கள்.

ஆச்சேயில் போராளிகளின் கட்சி மக்களின் வாக்கால் வந்தது. கொலம்பியாவில் உடன்படிக்கையின் எழுத்தால் வந்தது. இரண்டு இடத்திலும் ஒரு மேசை இருந்தது, மேசைக்கு இரண்டு பக்கம் இருந்தது. முள்ளிவாய்க்காலில் மேசை இருக்கவில்லை. எங்கள் முன்னாள் போராளிகளின் அரசியல் உரிமை எந்த உடன்படிக்கையிலும் எழுதப்பட்டதல்ல; புனர்வாழ்வுச் சான்றிதழோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டதும் அல்ல. சாதாரண பிரசைக்கு உள்ள உரிமைதான் அவர்களுக்கும் உண்டு. அதையும் புலனாய்வாளரின் கண்முன்னே பயன்படுத்த வேண்டியிருந்தது.

வாக்குப் போடத் தடுத்தவை

ஆறு வாரப் பிரசாரம், புதிய சின்னம் ஆகியவற்றுக்கு அப்பால் மூன்று காரணங்களை நான் காண்கிறேன்.

முதலாவது பயம். கூட்டத்துக்குப் போனால் பெயர் எழுதப்படும், பிறகு விசாரணைக்கு அழைப்பு வரும் என்ற பயம். வேட்பாளரோடு ஒரு துண்டுப்பிரசுரம் கொடுக்கப் போகவே பெற்றோர் விடமாட்டார்கள். 'ஒருமுறை உன்னைப் பறிகொடுத்து எடுத்தது போதும்' என்று சொல்லும் தாயோடு எந்தக் கட்சியும் வாதாட முடியாது.

இரண்டாவது சந்தேகம். புனர்வாழ்வு முகாமிலிருந்து வந்தவர்களை எங்கள் சமூகம் திறந்த மனதோடு வரவேற்கவில்லை. 'இவரை ஏன் விட்டார்கள்? யாருக்கு வேலை செய்கிறார்?' என்ற கேள்வி அவர்களின் முதுகுக்குப் பின்னால் எப்போதும் இருந்தது. கட்சி தொடங்கியதும் 'பின்னால் யாரோ இருக்கிறார்கள்' என்ற கதை உடனே பரவியது. அதற்கு ஆதாரம் ஏதாவது உண்டா என்று கேட்டால் யாரிடமும் இல்லை. தொழில் கேட்டுப் போனபோது கடைக்காரர்கள் தயங்கியதையும், கலியாணம் பேசும்போது பின்வாங்கியதையும் என்னிடம் சொன்ன முன்னாள் போராளிகள் பலர். பெண் போராளிகளுக்கு அது இன்னும் கொடுமையாக இருந்தது. இராணுவம் அவர்களைச் சந்தேகித்தது போதாதென்று நாங்களும் சந்தேகித்தோம்.

இந்த வெற்றிடத்தைப் படைத்தரப்பு நிரப்பியது. பாதுகாப்பு அமைச்சின் கீழ் உள்ள சிவில் பாதுகாப்புத் திணைக்களம் வன்னியில் பண்ணைகளிலும் முன்பள்ளிகளிலும் ஆயிரக்கணக்கானோருக்கு மாதச் சம்பளம் கொடுத்தது; அவர்களில் முன்னாள் போராளிகளும் இருந்தார்கள். 2018 இல் விசுவமடுவில் மாற்றலாகிப் போன ஓர் இராணுவ அதிகாரியை அவர்கள் கண்ணீரோடு வழியனுப்பிய படங்கள் வந்தபோது நாங்கள் கொதித்தோம். அந்தக் கண்ணீரைக் கேலி செய்தவர்களில் எத்தனை பேர் அதற்கு முன் அவர்களில் ஒருவருக்காவது வேலை கொடுத்திருந்தோம் என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது காரணத்தை எழுதுவது கடினம். ஆனால் எழுதத்தான் வேண்டும். 2007 தொடக்கம் 2009 வரை வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்று பிள்ளைகள் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அந்தப் பெற்றோரும் வாக்காளர்கள். 1990 இல் இரண்டொரு நாளில் வெளியேற்றப்பட்ட வடக்கு முஸ்லிம்களும் இந்த மண்ணின் வாக்காளர்கள். அப்படிப் பிடிக்கப்பட்ட பிள்ளைகளே இன்று 'முன்னாள் போராளிகள்' என்ற பெயரோடு வாழ்கிறார்கள் என்பது இதில் உள்ள பெரிய துயரம். போராளிகளின் பெயரால் வாக்குக் கேட்கும் கட்சி தியாகத்தைப் பற்றி மட்டும் பேசினால், இந்த வீடுகளின் கதவு திறக்காது. என் கருத்தில், நடந்த இரண்டையும் பேசக்கூடிய தகுதி வேறு எவரையும்விட முன்னாள் போராளிகளுக்கே அதிகம் உண்டு.

2015க்குப் பிறகு

ஜனநாயகப் போராளிகள் கட்சி அந்தத் தோல்வியோடு மறைந்துவிடவில்லை. தனித்து நிற்பதன் எல்லையை அறிந்துகொண்டு, கூட்டுக்குள் இடம் தேடும் வழிக்குத் திரும்பியது. 2023 ஜனவரியில் தமிழரசுக் கட்சி தனித்துப் போட்டியிட முடிவு செய்தபோது, ரெலோ, புளொட், ஈ.பி.ஆர்.எல்.எவ், தமிழ்த் தேசியக் கட்சி ஆகியவற்றுடன் ஐந்தாவதாகச் சேர்ந்து ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியை அமைத்தது. 1980களில் ஒருவரோடொருவர் மோதிய இயக்கங்களின் மிச்சங்கள் ஒரே மேசையில் கையெழுத்திட்டன. 2015 இல் இடம் மறுத்த கூட்டமைப்பின் பங்காளிகளாக இருந்தவர்களே எட்டு ஆண்டுகளின் பின் பக்கத்தில் அமர்ந்தார்கள்.

2024 செப்ரெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்ற பா. அரியநேத்திரன் 226,343 வாக்குகளைப் பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் அந்தச் சங்குச் சின்னத்தோடு பொதுத்தேர்தலுக்குப் போன கூட்டணி வன்னியில் ஓர் ஆசனத்தை மட்டும் வென்றது. அது ரெலோ தலைவர் செல்வம் அடைக்கலநாதனுக்குக் கிடைத்தது. முன்னாள் போராளிகளின் கட்சிக்குப் பாராளுமன்றத்தில் இன்றும் சொந்தக் குரல் இல்லை.

ஆசனம் இல்லாததால் என்ன நட்டம்?

கட்சி சிறியதாக இருப்பது ஒரு குற்றமல்ல. ஆனால் குரல் இல்லாததற்கு விலை உண்டு. இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன்.

படையினருக்கு ஓய்வூதியம் உண்டு. அவர்களின் நலனுக்கென்று 1999 ஆம் ஆண்டின் ரணவிரு சேவா அதிகாரசபைச் சட்டம் உண்டு. 2016 நவம்பரில் அங்கவீனமுற்ற படையினர் ஓய்வூதியக் குறைபாட்டுக்காகக் கொழும்பில் வீதியில் இறங்கியபோது எதிர்க்கட்சிகள் ஓடி வந்தன. வன்னியில் இடுப்புக்குக் கீழ் இயங்காமல் படுக்கையில் கிடக்கும் ஒரு முன்னாள் போராளிக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை, ஓடி வர ஒரு கட்சியும் இல்லை. புலம்பெயர்ந்த உறவுகளின் உதவியும், ஊரில் உள்ள ஒரு சில அமைப்புகளும், மனைவியின் அல்லது தாயின் கையும்தான் அவருடைய அரசாங்கம்.

இரண்டாவது 2022 இல் வந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம். போதைக்கு அடிமையானவர்களோடு 'முன்னாள் போராளிகள்' என்ற சொல்லையும் சேர்த்து, புனர்வாழ்வு பெற்று ஒரு தசாப்தம் கடந்தவர்களையும் மீண்டும் உள்ளே எடுக்கக்கூடிய கதவை அது திறந்து வைத்திருந்தது. உயர் நீதிமன்றத்தில் அது எதிர்க்கப்பட்டது. அந்தச் சொற்கள் நீக்கப்படாவிட்டால் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது என்று அந்த ஆண்டு ஒக்டோபரில் நீதிமன்றம் தீர்மானித்தது. 2023 ஜனவரியில் அவை நீக்கப்பட்ட பின்னரே சட்டம் நிறைவேறியது. அன்று நீதிமன்றக் கதவைத் தட்ட ஆட்கள் இருந்திராவிட்டால், 12,000 பேரின் தலைக்கு மேல் அந்தச் சொல் இன்றும் தொங்கிக்கொண்டிருக்கும். அடுத்த தடவை வேறு பெயரில் வரலாம்.

ஆகவே முன்னாள் போராளிகளுக்கென்று தனிக் கட்சி வேண்டுமா, பெரிய கட்சிகளுக்குள் இடம் வேண்டுமா என்ற விவாதத்தில் என் பதில் இதுதான். இன்றைய தேர்தல் முறையில் தனிக் கட்சி ஆசனம் வெல்வது மிகக் கடினம். கணக்கு அதற்கு இடம் தரவில்லை. ஆனால் தனியான அமைப்பு இல்லாமல் பெரிய கட்சியிடம் இடம் கேட்டால், 2015 இல் கிடைத்த பதில்தான் மீண்டும் கிடைக்கும். தெற்கில் ஓய்வுபெற்ற படையினர் செய்தது போல, அமைப்பாகத் திரண்டு, கோரிக்கைகளை எழுத்தில் வைத்து, எந்தக் கட்சி ஏற்கிறதோ அதோடு பேசுவதே நடைமுறையில் பலன் தரக்கூடிய வழி.

அந்தக் கோரிக்கைகள் பெரியவை அல்ல. புனர்வாழ்வு பெற்றவர்கள்மீதான கண்காணிப்புக்கு முடிவு. அங்கவீனமுற்றவர்களுக்கு, எந்தப் பக்கம் நின்றார்கள் என்று பாராமல், மாதக் கொடுப்பனவும் மருத்துவமும். 2018 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த இழப்பீட்டு அலுவலகத்தில் அவர்களையும் யுத்தத்தால் பாதிக்கப்பட்டவர்களாகக் கணக்கெடுப்பது. பெண் போராளிகளின் குடும்பங்களுக்கு வாழ்வாதாரம். வேட்பாளர்கள் வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும்போது இந்த நான்கில் எதற்கு நீங்கள் கை தூக்குவீர்கள் என்று கேட்பதற்குக் கட்சி தேவையில்லை. இரண்டாயிரம் பேர் ஒருமுறை பயமில்லாமல் புள்ளடி இட்டார்கள். மீதி மூன்று இலட்சம் பேரும் இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினால், பதில் சொல்லாமல் எந்தச் சின்னமும் எங்கள் படலையைத் தாண்டிப் போக முடியாது.